மேலே அனுப்புகிறவன்

இரவு இரண்டு மணிக்கு காட்மாண்டுவில் வேன் ஏறச் சொன்னார்கள். கூட வந்தவர்கள் முனகிக்கொண்டே ஏறினார்கள். எனக்கு அது பழகிய நேரம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். இரண்டு மணி என்றால் எங்களுக்கு வாசல் கடையிலிருந்து டீ வருகிற வேளை. நாங்கள் கிளம்பியது எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு, நடை தொடங்குவது லுக்லாவில். சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, அங்கே அவ்வளவு நெரிசல். ராமேசாப் மாவட்டத்தில் மந்தலி என்ற ஊர் வரை நாலைந்து மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கிப் போய், அங்கிருந்து ஒரு குட்டி விமானத்தில் இருபது நிமிஷம்.

லுக்லாவைப் பற்றிப் பயமுறுத்தாதவர்கள் கிடையாது. எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் 1964-இல் அமைந்த விமானதளம். ஓடுபாதை 527 மீட்டர்தான். அதுவும் சமதளம் இல்லை, மலைப்பக்கமாக மேடேறிப் போகிறது. இறங்கும் விமானத்துக்கு அந்த மேடு பிரேக்குக்கு உதவுகிறது. கிளம்பும் விமானம் அதே சரிவில் உருண்டோடிப் பள்ளத்தாக்கின் மேல் தாவுகிறது. இறங்கும்போது நான் கண்ணை மூடவில்லை. மூட மறந்துபோனேன் என்பதுதான் சரி.

லுக்லாவின் உயரம் 2,860 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695. விமானப் படிக்கட்டிலிருந்து காலைக் கீழே வைத்த நிமிஷமே ஆனைமுடியைத் தாண்டியாயிற்று, ஓரடிகூட நடக்காமல். பின்னால் வந்த வினைக்கெல்லாம் விதை அங்கே விழுந்தது.

வழிகாட்டியாக வந்தவன் ராய் சமூகத்துப் பையன், வயது இருபத்தாறு. பார்த்ததும் என்னை "தாய்" என்றான். திகைத்துப்போனேன். நேபாளியில் அண்ணனுக்கு அதுதான் சொல். அவன் எனக்கு பாய், அதாவது தம்பி. அவன் கற்றுக்கொடுத்த இரண்டாவது சொல் "பிஸ்தாரை". மெதுவாக. ஒவ்வொரு ஏற்றத்திலும் முன்னால் திரும்பிப் பார்த்து, "பிஸ்தாரை, தாய், பிஸ்தாரை" என்பான். அவசரத்தையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இப்படி ஒரு மந்திரம்.

முதல் இரண்டு நாள் தூத்கோசி ஆற்றை ஒட்டி நடை. தொங்குபாலங்களில் காஸ் சிலிண்டர் சுமந்து வரும் கோவேறு கழுதைகளுக்கு ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. பேச்சுத்துணை குறைவாக இருந்தால் மனசு தானாக டியூட்டிக்குப் போய்விடுகிறது.

எங்கள் ஊரில் டாக்டர் என்றால் பேர் போட்ட போர்டு வேண்டும். வாசலில் பட்டங்களோடு ஒரு போர்டு, அதன் கீழே மாலை ஆறு முதல் ஒன்பது வரை. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "தம்பி என்ன ஸ்பெஷலிஸ்ட்?" என்றார்கள். "அவசர மருத்துவம்தான் பண்ணப்போறேன்" என்றேன். பெண்ணின் பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அது இருக்கட்டும். அப்புறம் என்ன படிப்பீங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்போது அந்த இடத்துக்குப் பேரே கேஷுவாலிட்டி. மேல்படிப்புக்குத் தயாராகிறவர்கள் வந்து உட்கார்ந்து, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, இடம் கிடைத்ததும் போய்விடுகிற திண்ணை. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தை எம்.டி. பட்டத்துக்குரிய தனித் துறையாக ஏற்றதே 2009-இல். அதற்கு முந்தைய வருஷம்தான் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகு, மகள் யு.கே.ஜி. படிக்கையில் நானும் புத்தகம் எடுத்துப் படித்துப் பாஸானேன். பெரியப்பா அதற்கும், "இனிமேலாவது போர்டு வைக்கலாம்ல?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால் இந்தத் துறை பிறந்ததே போர்டைக் கழற்றியதில்தான். 1961-இல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவரும் இன்னும் மூன்று பேரும் சொந்தப் பிராக்டிஸை விட்டுவிட்டு, மருத்துவமனையின் அவசர அறையை 24 மணி நேரமும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று உட்கார்ந்தார்கள். அதுவரை அங்கேயும் நம் கேஷுவாலிட்டி கதைதான். 1970-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகம் முதன்முதலாக இதற்கென்று பயிற்சி கொடுத்தது. 1979-இல் தனித் துறை என்ற அங்கீகாரம் கிடைத்தது. அங்கே 1979, இங்கே 2009. நடுவில் முப்பது வருஷம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. ஐ.சி.யூ. இரண்டாவது மாடி, தியேட்டர் மூன்றாவது. ஆகவே எங்கள் வேலையின் முடிவு எப்போதும் "மேலே அனுப்புவது". சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, மருந்து வாங்கிக்கொண்டு ஓடிவந்த ஒருவரிடம், "உங்க அப்பாவை இப்பத்தான் மேல அனுப்பினோம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மனுஷர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் அக்கா ஓடிவந்து, "அண்ணே, ரெண்டாவது மாடிண்ணே, ஐ.சி.யூ., லிஃப்ட்ல போங்கண்ணே" என்று தூக்கி நிறுத்தினார். அன்றிலிருந்து மாடி எண் சொல்லாமல் நான் யாரையும் மேலே அனுப்புவதில்லை.

மேலே போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது பெரும்பாலும் தெரியவராது. பொங்கல் சமயத்தில் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் குத்துப்பட்டு வருகிற பையன்கள், அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டு வருகிற பெண்கள், கட்டுவிரியன் கடித்தது தெரியாமல் விடிகாலை இமை தூக்க முடியாமல் வருகிற விவசாயிகள் என்று எல்லோருடைய முதல் ஒரு மணி நேரம் எங்களுடையது. என்ன நோய் என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால், எது கொல்லும் என்று யோசித்து அதைத் தடுத்தாக வேண்டும். தடுத்தாயிற்றா, மேலே அனுப்பு, அடுத்த ஆள். தொடர்கதையில் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுப் பத்திரிகையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற பிழைப்பு.

நாம்சே பஜார் 3,440 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்கித்தான் ஏற வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு. தெங்போசே மடாலயம், மழையும் மூடுபனியும், ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் பெரிசே.

பெரிசே ஒரு அகலமான பள்ளத்தாக்கு, மரமே கிடையாது, பிற்பகலானால் காற்று அறைகிறது. ஆனால் நான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்ததே அங்கே இருக்கும் ஒரு தாழ்ந்த கட்டடத்துக்காக. ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973-இலிருந்து நடத்திவரும் மருத்துவ நிலையம். வாசலில் இரண்டாகப் பிளந்து நிற்கும் உலோகக் கூம்பில் எவரெஸ்டில் இறந்தவர்களின் பெயர்கள். உள்ளே, மலையேறும் பருவத்தில், உலகின் பல மூலைகளிலிருந்து வரும் தன்னார்வ மருத்துவர்கள். அவர்களில் நம்ம ஆட்கள், அதாவது அவசர மருத்துவர்கள், அதிகம். மேலே அடிவார முகாமில் வசந்த காலத்தில் மட்டும் ஒரு கூடார மருத்துவமனை இயங்குகிறது. அதை 2003-இல் தொடங்கிய லூவான் ஃப்ரீரும் அவசர மருத்துவர்தான்.

மூன்று மணிக்கு அங்கே தினமும் ஒரு பேச்சு, மலை நோயைப் பற்றி. கண்ணாடி அறையில் நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். பேசிய பெண்மணி அரைமணி நேரம் ஒரே விஷயத்தைப் பல விதமாகச் சொன்னார். தலைவலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது மலை நோய். அதோடு மேலே ஏறாதே. மோசமானால் கீழே இறங்கு. பக்கத்திலிருந்த ஒருவர், "மருந்து?" என்று கேட்டார். "டயமாக்ஸ் இருக்கிறது, டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது. எல்லாம் இறங்குவதற்குக் கால அவகாசம் வாங்கத்தான்" என்றார்.

மூளை வீங்க ஆரம்பித்தால் கண்டுபிடிக்க ஒரு சோதனை காட்டினார். நேர்க்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொட நடக்க வேண்டும். தள்ளாடினால் ஆபத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. மீனாட்சி கோயிலில் என் அப்பத்தா வெள்ளிக்கிழமை தோறும் செய்த அடிப்பிரதட்சணம்.

இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970-களின் நடுவில் பீட்டர் ஹாக்கெட் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இங்கே வந்து உட்கார்ந்து, நடந்துபோகிற 278 பேரைக் கேள்வி கேட்டுக் கணக்கெடுத்தார். பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு மலை நோய். கீழிருந்து நடந்து வந்தவர்களைவிட லுக்லாவுக்குப் பறந்து வந்தவர்களுக்கு அதிகம். 1976-இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. 1981-இல் அவர் எவரெஸ்டே ஏறினார், கடைசிப் பகுதியைத் தனியாளாக. அவரும் அவசர மருத்துவத்தில் இருந்தவர் என்பதில் எனக்கொரு அற்பப் பெருமை.

பேச்சு முடிந்ததும் அந்தப் பெண்மணியிடம் போய் நானும் இன்ன தொழில் என்றேன். டீ கொடுத்தார். அவர் ஊரில் பத்து மணி நேர ஷிஃப்டில் ஒரு டீயைச் சூடாகக் குடித்து முடித்ததில்லை என்றார். நானும் இல்லை என்றேன். "இங்கே பணம் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் ராத்திரி ஒரு நோயாளி வந்தால் விடியும்வரை அவர் என்னுடையவர். நான் இறங்கச் சொன்னவர் இறங்குவதை ஜன்னலில் பார்க்கலாம்" என்றார். 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் பனிச்சரிவு அடிவார முகாமைப் புரட்டிப்போட்டது. அந்தக் கூடார மருத்துவமனையும் பறந்துபோயிற்று. மறுநாள் காலை அடிபட்டவர்களை ஹெலிகாப்டர்கள் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து இறக்கியது இங்கேதான். அந்த அறையை அளந்து பார்த்தேன். எங்கள் பிரிவில் உயிருக்குப் போராடுகிறவர்களுக்கான சிவப்புப் பகுதி இதைவிடப் பெரிது.

பெரிசேயில் இன்னொரு இரவு தங்கியிருக்க வேண்டும். அட்டவணையில் இருந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டேன். டயமாக்ஸும் எடுக்கவில்லை. பாய் முணுமுணுத்தான்.

துக்லா ஏற்றத்தின் உச்சியில் மலையில் இறந்தவர்களுக்கான கற்குவியல்கள். ஸ்காட் ஃபிஷருக்கு ஒன்று, பாபு சிரி ஷெர்பாவுக்கு ஒன்று. அங்கேயே நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்தது. தொப்பி இறுக்கம் என்று முடிவு செய்தேன். சர்க்கரைக்காரர் கால் புண்ணைச் செருப்புக்கடி என்பாரே, அந்தக் கணக்கு.

லோபுசே, 4,940 மீட்டர். ஒற்றை அடுப்பில் யாக் சாணி எரிகிற சாப்பாட்டு அறை. பூண்டு சூப் உயரத்துக்கு நல்லது என்பது இந்தப் பாதை முழுக்க ஒரு நம்பிக்கை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன்: 79. மதுரையில் யாருக்காவது 79 காட்டினால் நாலு பேர் ஓடிவருவோம். இங்கே நான் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாதிதான் இறங்கியது.

ஒன்பது மணிக்குப் பாய் கதவு தட்டினான். "தாய், பக்கத்து லாட்ஜில் ஒரு போர்ட்டர். மூச்சு முட்டுகிறது."

இருபத்திரண்டு வயதிருக்கும். கீழ்மலை ஊர்க்காரர். போர்ட்டர் என்றால் ஷெர்பா, ஷெர்பாவுக்கு மலை ஒன்றும் செய்யாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சுமை தூக்குகிறவர்களில் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள், அவர்கள் நுரையீரலும் நம்முடையதைப் போலத்தான். இரண்டு நாளாக இருமல். சொன்னால் கூலி போய்விடும் என்று சொல்லவில்லை. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்றதுபோல. ஆக்சிமீட்டர் 54. ஸ்டெதாஸ்கோப்பை ஊரிலேயே விட்டிருந்தேன், லீவில் போகிறோமே என்று. சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தேன். வலது பக்கம் நடுவில், காய்ந்த சருகை மெல்ல மிதிக்கிற சத்தம்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைய, நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறி, காற்றுப்பைகளுக்குள் நீர் கசிகிறது. கிணற்றில் விழாமலே மூழ்குவது. ஆக்சிஜன் வேண்டும், லாட்ஜில் இருந்த சிலிண்டர் காலி. இறங்க வேண்டும், வெளியே கும்மிருட்டு, தரையெல்லாம் பனிக்கட்டி. அப்போதுதான் வெளிநாட்டுக் குழு ஒன்றின் தலைவர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். காமோ பை. பெருவெடிப்புக் கொள்கைக்குப் பேர்போன இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவின் மகன் இகோர் காமோ உருவாக்கியது. பாடத்தில் படித்திருக்கிறேன், தொட்டதில்லை.

ஆள் முழுசாகப் படுக்கிற நீளத்தில் காற்றுப் புகாத ஒரு பை, முகத்துக்கு நேரே ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு மிதி பம்ப். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலைமாட்டில் மூன்று மெத்தைகளை அடுக்கிச் சரிவாக்கினோம். கையில் ஆக்சிமீட்டரோடு உள்ளே விட்டு ஜிப்பை இழுத்தபோது அவர் கண்ணில் வந்த பயம் நியாயமானது. பாய் ஜன்னலுக்கு நேரே குனிந்து நேபாளியில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். மிதிக்க மிதிக்கப் பை விறைத்தது, உள்ளே காற்றழுத்தம் ஏறியது. நிறுத்தவும் கூடாது. நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மிதி விழுந்துகொண்டே இருந்தால்தான் உள்ளே நல்ல காற்று. பை முழு அழுத்தத்துக்கு வந்தால், அந்த உயரத்தில், 1,500 மீட்டர் இறங்கியதற்குக் குறையாது. லோபுசேயில் படுத்திருந்தவரைக் காற்றாலேயே நாம்சேவுக்கு இறக்கிக்கொண்டிருந்தோம்.

நாலு பேர் முறைவைத்து மிதித்தோம். என் முறையில் ஒவ்வொரு மிதிக்கும் மண்டைக்குள் ஒரு அடி விழுந்தது. ஜன்னலில் ஆவி படிந்து படிந்து விலகும், ஆக்சிமீட்டரின் சிவப்பு எண் தெரியும். 61. 70. முக்கால் மணியில் 84. குழுவின் மருந்துப்பெட்டியில் நிஃபெடிபின் இருந்தது, நம் ஊரில் பிரஷருக்குக் கொடுத்த மாத்திரை. அவரை வெளியே எடுத்து அதைக் கொடுத்தோம். எண் மறுபடி சரிய ஆரம்பித்தது, மறுபடி உள்ளே. இப்படி மூன்று தடவை. இருபது வருஷத்தில் ஒரே நோயாளியோடு ஒன்பது மணி நேரம் நான் இருந்ததே இல்லை.

விடிந்ததும் ஹெலிகாப்டர் பேச்சு வந்தது. மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, பேச்சு அதோடு போயிற்று. ஹெலிகாப்டர் என்றால் இந்தப் பாதையில் வேறு கதையும் உண்டு. லேசான தலைவலிக்காரர்களைப் பயமுறுத்தி ஏற்றிவிட்டு இன்ஷூரன்ஸில் பணம் பார்த்தார்கள் என்று 2018-இல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. இறங்குவதுதான் மருந்து என்றால், மருந்தை விற்கவும் ஆள் வந்துவிடுகிறார்கள். இவரை இறக்கியது ஒரு டோக்கோ. மூங்கில் கூடையின் ஒரு பக்கத்தை அறுத்து, கால் தொங்க உட்காரவைத்து, நெற்றிப்பட்டையில் மாட்டி அவர் கூட்டாளிகள் இரண்டு பேர் மாறி மாறிச் சுமந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். அடிவார முகாம் அதற்கு எதிர்த்திசையில் ஒரு நாள் நடையில் இருந்தது.

பெரிசேயில் அந்தப் பெண்மணி வாசலுக்கே வந்துவிட்டார். வயது, உயரம், எண்கள், மருந்து, நேரம் என்று நான் ஒப்புவித்தேன். ஆக்சிஜன் போட்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்றார்.

"நேற்று. பாதி சூப்."

"தலைவலி?"

தொப்பி என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அடிப்பிரதட்சணம் செய்யவைத்தார். அதில் தேறிவிட்டேன். ஆனாலும் மேலே போகக் கூடாது என்றார். லோபுசேயிலிருந்து ஐந்நூறு மீட்டர் ஏற்றம்கூட இல்லை, பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடுகிறேன் என்று வாதாடினேன்.

"உங்கள் ஊரில் நோயாளி இப்படிப் பேசினால் என்ன செய்வீர்கள்?"

"சொந்தப் பொறுப்பில் போகிறேன்னு எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிடுவோம்."

சிரித்துக்கொண்டே மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார். நான் எழுதவில்லை.

மறுநாள் பாங்போசே தாண்டும்போது தலைவலி போன இடம் தெரியவில்லை. நாம்சேயில் எனக்கு நாலு நாள் மிச்சம் விழுந்தது. பேக்கரியில் உட்கார்ந்து மேலே போகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாதைக்கு மாடிகள் கிடையாது. பெரும்பாலும் போன வழியே திரும்பி வந்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை பாய் என்னை ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். தகரக்கூரைக் கடை, மண்ணெண்ணெய் வாசனை, கேரம் போர்டைச் சுற்றி ஏழெட்டுப் போர்ட்டர்கள். "தாய், அவர்தான்" என்று ஒருவரைக் காட்டினான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதட்டுக்கு இப்போது சாதாரண நிறம். பாய் அவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அவருக்கும் என்னைத் தெரியவில்லை. உள்ளேயிருந்து பார்த்தவருக்கு ஜன்னலில் ஆவிதான் தெரிந்திருக்கும். ஒரு தடவை இருமிவிட்டு, நகர்ந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

உட்கார்ந்தேன். ரெட்டைப் போட்டார். ஃபாலோ விழவில்லை. ரெட்டை எடுத்து நடுவில் வைத்துவிட்டு, ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினார்.